ஐம்பது வாட், முப்பது மீட்டர்: செட்டிநாட்டில் ஒரு சமுதாய வானொலி

காரைக்குடிப் பக்கம் ஒரு வானொலிப் பெட்டியை எடுத்து, முள்ளை 88இலிருந்து 108 வரை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். அலுங்காமல் நிற்பது 100.5, கோடை பண்பலை. கொடைக்கானல் மலையில், கடல் மட்டத்துக்கு 2,000 மீட்டருக்கும் மேலே நின்று 10 கிலோவாட்டில் ஒலிபரப்பும் நிலையம் அது. நேர்கோட்டில் 140 கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் நம் சமவெளி முழுக்க அதன் பார்வைக்குள் கிடக்கிறது. மதுரை, திருச்சி தனியார் பண்பலைகள் மொட்டைமாடிக்கு ஏறினால் கிடைக்கும், கீழே இறங்கினால் இரையும். கோடை இரவுகளில் கடல் தாண்டி இலங்கைத் தமிழும் வந்து விழும். இத்தனைக்கும் நடுவே, 100 வாட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்போடு ஒரு சமுதாய வானொலி, அதாவது ஊர் மக்களுக்காக நடக்கும் ஒரு சின்ன நிலையம், தன் இடத்தைப் பிடிக்க வேண்டும்.

நிலையம் தொடங்க நினைக்கிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது "எத்தனை வாட் டிரான்ஸ்மிட்டர் வாங்கலாம்?" என்றுதான். கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி அது. எவ்வளவு உயரம், என்ன கேபிள், எப்படிப்பட்ட எர்த் என்ற மூன்றும் முடிவான பிறகு வாட் தானாகவே முடிவாகிவிடும்.

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1995இல். கல்வி நிறுவனங்களுக்குக் கதவு திறந்தது 2002இல். அந்த வழியில் முதலில் வந்தது சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம்., 2004 பிப்ரவரி 1இல். தொண்டு நிறுவனங்களுக்கும் உரிமை உண்டு என்றானது 2006இல். 2024 விதிகளின்படி அனுமதி பத்து ஆண்டுக்குக் கிடைக்கிறது, விளம்பரம் மணிக்கு 12 நிமிடம் வரை போடலாம், நிகழ்ச்சிகளை வழிநடத்தும் குழுவில் பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும். ஆன்டெனா உயரம் தரையிலிருந்து குறைந்தது 15 மீட்டர், கூடினால் 30 மீட்டர். கீழ் வரம்பு வைத்திருப்பது கதிர்வீச்சு ஆட்கள் மேல் படக் கூடாது என்பதற்காக, அதை இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நாட்டில் உள்ள சமுதாய வானொலிகளில் பெரும்பாலானவை 90.4, 90.8, 91.2, 107.8 போன்ற சில எண்களுக்குள்ளேயே இருக்கின்றன. அண்ணா எஃப்.எம். 90.4, பாம்பனில் மீனவர்களுக்காக நடக்கும் கடல் ஓசையும் 90.4. ஒன்றையொன்று தொடாத தூரத்தில் இருப்பதால் ஒரே எண்ணைப் பலருக்குக் கொடுக்க முடிகிறது. ஆனால் பண்பலை ஏற்பிக்கு, அதாவது கேட்கும் பெட்டிக்கு, ஒரு குணம் உண்டு. ஒரே எண்ணில் இரண்டு நிலையங்கள் வந்தால் இரண்டையும் கலந்து தராது, வலுவானதைப் பிடித்துக்கொண்டு மற்றதை முழுங்கிவிடும். உங்கள் எல்லையோரக் கிராமத்தில் ஒரு நாள் "நம்ம ரேடியோவில் வேறு யாரோ பேசுகிறார்கள்" என்று புகார் வந்தால் டிரான்ஸ்மிட்டரைத் திறக்காதீர்கள். வெயில் காலத்தில் கடலோரத்தில் சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் அடுக்கடுக்காக நிற்கும்போது பண்பலை அலை வளைந்து நெடுந்தூரம் போகும். இலங்கை நிலையங்கள் நம் பக்கம் வருவது இப்படித்தான். வெயில் ஏறியதும் பெரும்பாலும் சரியாகிவிடும். அந்தப் புகார்களைத் தேதி, நேரம் போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், உள்ளூர்ப் பழுதையும் வானிலையையும் பிரித்துப் பார்க்க அந்த நோட்டு ஒன்றுதான் வழி.

இனி கணக்கு. விதி சொல்லும் 100 வாட் என்பது டிரான்ஸ்மிட்டர் பெட்டியிலிருந்து வெளியேறும் மின்சாரம் இல்லை, ஆன்டெனா வானத்தில் வீசும் திறன். ஈஆர்பி என்பார்கள். பெட்டியின் வாட்டிலிருந்து கேபிள் தின்பதைக் கழித்து, ஆன்டெனா சேர்த்துக் கொடுப்பதைப் பெருக்க வேண்டும். 30 மீட்டர் டவர், அங்கிருந்து அறைக்கு 10 மீட்டர், ஆக 40 மீட்டர் கேபிள் என்று வைத்துக்கொள்வோம். அரை அங்குல நெளிவுக் கேபிள் போட்டால் இழப்பு 0.9 டெசிபெல் (வலுவின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் அலகு), கனெக்டர்களுக்கு 0.3 சேர்த்தால் 1.2. 50 வாட் கிளம்பி 38 வாட் மேலே போய்ச் சேரும். ஆர்ஜி-213 வகைக் கேபிள் போட்டால் மொத்தம் 3 டெசிபெல் போகும், மேலே சேர்வது 25 வாட். கடையில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய ஆர்ஜி-58 போட்டால் 11 வாட்கூடத் தேறாது. மேலே இரண்டு அடுக்கு டைபோல் ஆன்டெனா (டைபோல் என்பது நேர்கோட்டில் இரண்டு கை நீட்டிய ஆன்டெனா) இருந்தால் எல்லாம் இரண்டு மடங்காகும்: 76, 50, 21. டிரான்ஸ்மிட்டர் ஒன்றே, கேபிள் மட்டும்தான் வேறு.

நல்ல கேபிளோடு நாலு அடுக்கு ஆன்டெனா வைத்தால் 150 வாட்டைத் தாண்டிவிடும், அது விதிமீறல். அப்போது டிரான்ஸ்மிட்டரை 33 வாட்டுக்குக் குறைத்து ஓட்ட வேண்டும். அப்படிக் குறைத்து ஓட்டுவது நல்லதுதான், சித்திரை வெயிலில் பெட்டி சூடாகாது.

உயரம் இதைவிடப் பெரிய விஷயம். நம் மண் தட்டை. மலை இல்லை, பனையும் சீமைக்கருவேலமும் ஊரணிக் கரைகளும்தான். இப்படிப்பட்ட சமவெளியில் நேராக வரும் அலையும் தரையில் பட்டுத் தெறித்து வரும் அலையும் தொலைவில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அந்த நிலையில் ஆன்டெனா உயரத்தை இரண்டு மடங்காக்கினால் கேட்பவரிடம் சேரும் வலு 6 டெசிபெல் கூடும், அதாவது திறனை நாலு மடங்காக்கியதற்குச் சமம். 15 மீட்டரிலிருந்து 30 மீட்டருக்குப் போவது 25 வாட்டை 100 வாட்டாக்குவது மாதிரி. வாட் வாங்க அரசிடம் போக வேண்டும், உயரம் விதிக்குள்ளேயே இருக்கிறது. பணத்தை முதலில் அங்கே போடுங்கள்.

இதே கணக்கு கேட்பவருக்கும் பொருந்தும். இடுப்பளவில் வைத்த பெட்டியைத் தலைக்கு மேலே உள்ள மாடத்தில் வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

30 மீட்டரில் இவ்வளவும் சரியாக அமைந்தால் கையில் வைத்துக் கேட்கும் பெட்டிக்கு 8 முதல் 10 கிலோமீட்டர், மாடி ஆன்டெனாவுக்கும் காருக்கும் இன்னும் கொஞ்சம். காரைக்குடி நடுவில் நிலையம் என்றால் கோட்டையூர் உறுதி, குன்றக்குடி ஓரம், கானாடுகாத்தான் மாடியில் மட்டும், தேவகோட்டைக்குக் கிடையாது. எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் பரந்து கிடக்கும் செட்டிநாட்டை ஒரு நிலையம் கட்டி ஆள முடியாது. விண்ணப்பத்தில் "செட்டிநாடு முழுவதும்" என்று எழுதுவதைவிட எட்டு ஊரைப் பெயர் சொல்லி எழுதுவது நேர்மை.

டவரை எங்கே நிறுத்துவது? பெரிய வீட்டு மாடியில் வைத்தால் செலவு மிச்சம் என்று தோன்றும். வேண்டாம். அந்த மாடிகள் மரச்சட்டத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்புமாகப் போட்ட மெட்ராஸ் தளம், பரவலான எடைக்குக் கட்டியவை. ஸ்டே கம்பி, அதாவது சாயாமல் பக்கங்களிலிருந்து பிடிக்கும் கம்பி, இழுக்கும் டவர், காற்றில் தன் எடையைவிடப் பல மடங்கு கீழ்நோக்கி ஒரே புள்ளியில் அமுக்கும். தரையில் கான்கிரீட் அடித்தளம் போடுங்கள். ஸ்டே கம்பி மூன்று திசையில், 120 பாகை இடைவெளியில், டவரின் அடியிலிருந்து 18 முதல் 20 மீட்டர் தள்ளி நங்கூரம். அந்த அளவு வெற்று நிலம் இல்லையென்றால் ஸ்டே இல்லாமல் தானே நிற்கும் டவர்தான் வழி, விலை கூடும். ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் வரும் மேல் ஸ்டே கம்பியை முட்டை வடிவப் பீங்கான் இன்சுலேட்டர் போட்டுத் துண்டாக்க வேண்டும். முழு நீளக் கம்பியாக விட்டால் அதுவும் ஒரு ஆன்டெனாவாகி அலையைத் திசை திருப்பும்.

டைபோலைச் செங்குத்தாக நிறுத்துங்கள். கார் ஆன்டெனாவும் தொங்கும் இயர்போன் ஒயரும் செங்குத்துதான். 90.4க்கு அலைநீளம் 3.32 மீட்டர், டைபோலின் ஒரு கை ஏறத்தாழ 79 சென்டிமீட்டர். டவரின் பக்கவாட்டில், கால் அலைநீளம், அதாவது 83 சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள். டவர் பின்னால் நின்று கண்ணாடி மாதிரி முன்னால் தள்ளும், பின்பக்கம் கொஞ்சம் மெலியும். அதனால் டைபோல் இருக்கும் பக்கம் ஊர்கள் அதிகமுள்ள திசையைப் பார்க்க வேண்டும். இரண்டு டைபோலுக்கும் நடுவில் 3 மீட்டர்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கும், கண்டுபிடிக்க வாரக்கணக்காகும். இரண்டு டைபோலிலும் கேபிளின் நடுக்கம்பி சேரும் கை ஒரே பக்கம் இருக்க வேண்டும், இரண்டும் மேலே அல்லது இரண்டும் கீழே. ஒன்றைத் தலைகீழாக மாட்டிவிட்டால் இரண்டின் அலையும் அடிவானத்தை நோக்கி ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும், திறனெல்லாம் வானத்துக்கும் தரைக்கும் போய்விடும். மீட்டரில் எல்லாம் சரியாகவே காட்டும். திரும்பும் திறன் இருக்காது, பெட்டி குளிர்ச்சியாக ஓடும், ஆனால் மூன்று கிலோமீட்டரில் நிலையம் செத்துவிடும். மாட்டுவதற்கு முன்னால் தரையில் வைத்தே நடுக்கம்பி சேரும் கையில் சிவப்புச் சாயம் பூசி, அது மேலே வரும்படி மாட்டுங்கள். டவரடியில் நின்று பார்த்தாலே இரண்டு சிவப்பும் மேலே தெரியும்.

எஸ்.டபிள்யூ.ஆர்., அதாவது அனுப்பிய திறனில் எவ்வளவு ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்று காட்டும் எண், 1.5க்குக் கீழே இருக்கட்டும். 1.5இல் 4 சதவீதம் திரும்பும், 2இல் 11 சதவீதம், 3இல் கால்வாசி. நல்ல டிரான்ஸ்மிட்டர் 2ஐத் தாண்டியதும் தானே திறனைக் குறைத்துக்கொள்ளும். நம் ஊரில் இந்த எண் ஏறும் மாதம் ஐப்பசி. காரணம் எப்போதும் ஒன்றுதான், கனெக்டருக்குள் தண்ணீர். முதலில் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன் மேல் சாதாரணக் கறுப்பு டேப்பைச் சுற்ற வேண்டும். மேல் சுற்று கீழிருந்து மேலாக வர வேண்டும். அப்போதுதான் ஓடு வேய்ந்த மாதிரி மேல் மடிப்பு கீழ் மடிப்பை மூடும், மழை வழிந்து போகும். மேலிருந்து கீழாகச் சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் ஒரு கிண்ணம். அறைக்குள் நுழையும் முன் கேபிளை ஒரு முழம் கீழே தொங்கவிட்டு மேலேற்றுங்கள், தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

எர்த் விஷயத்தில் இந்த மண் நமக்கு எதிரி. செம்மண்ணும் செம்புறாங்கல்லும் மழையில் பரவாயில்லை, பங்குனி சித்திரையில் காய்ந்துவிட்டால் மின்சாரத்தை உள்ளே விடாது. கோடை இடி வருவதும் அந்தக் காலத்தில்தான். ஒரு குழி போதாது. பத்தடிக் குழாய் மூன்று, ஒன்றுக்கொன்று இருபதடி தள்ளி, எல்லாவற்றையும் செம்புப் பட்டையால் சேர்த்துக் கட்டுங்கள். அளவு 5 ஓமுக்குக் கீழே வரட்டும், அதைச் சித்திரையில் அளந்து பாருங்கள், மார்கழியில் அளந்து ஏமாற வேண்டாம். கல்லுப்பும் கரியும் போடுவது வழக்கம், ஆனால் உப்பு இரும்புக் குழாயை அரித்துவிடும், மழையிலும் கரைந்து போய்விடும். பென்டோனைட் களிமண் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அரிக்காது. செம்பையும் துத்தநாகப் பூச்சு இரும்பையும் நேரடியாக முடுக்கினால் ஈரத்தில் இரும்பு கரையும், நடுவில் இதற்கென்று விற்கும் இருஉலோகத் தகட்டைப் போடுங்கள். 1948இல் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் அடிக்கல் நாட்டிய, உலோக அரிப்பையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கும் ஊர் இது, இங்கே ஒரு டவர் போல்ட் துருப்பிடித்து விழக் கூடாது.

டவருக்கு ஒரு எர்த், அறைக்கு ஒரு எர்த் என்று தனித்தனியாக விட்டுவிடுவது இன்னொரு தவறு. இடி இறங்கும்போது இரண்டுக்கும் நடுவில் பல ஆயிரம் வோல்ட் நிற்கும், அது உங்கள் மிக்சர் வழியாகத்தான் சமனாகும். எல்லா எர்த்தும் ஒன்றாகச் சேர வேண்டும். கேபிளின் மேலுறையை உச்சியில், டவரடியில், அறைச்சுவரில் என மூன்று இடத்தில் எர்த் செய்யுங்கள்.

மின்சாரத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 50 வாட் டிரான்ஸ்மிட்டர் இழுப்பது 120 வாட் அளவுதான், கணினி, மிக்சர், விளக்கு, விசிறி சேர்த்து 400 வாட். மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலையில் போகும் மின்சாரம் மாலைதான் வரும். 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி இரண்டு இருந்தால் ஆறு மணி நேரம் தாங்கும். குளிர்சாதனத்தை அதில் சேர்க்காதீர்கள்.

ஒலிப்பதிவு அறைதான் இந்த ஊரின் தனிச் சிக்கல். ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு கலந்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர், உயரமான கூரை, எல்லாம் கண்ணுக்கு அழகு, காதுக்கு எதிரொலி. பெரிய கூடத்தில் பேசினால் ஒவ்வொரு சொல்லின் வாலும் அடுத்த சொல்லின் மேல் ஏறும். முகப்பையும் பட்டாலை என்னும் பெரிய கூடத்தையும் விட்டுவிட்டு ஒரு சின்னச் சாமான் அறையைப் பிடியுங்கள். 4 மீட்டர் நீளம், 3 அகலம், 3 உயரம் என்றால் மொத்தப் பரப்பு 66 சதுர மீட்டர், அதில் கால் பங்கு, ஏறத்தாழ 16 சதுர மீட்டர், ஒலியை உறிஞ்சும் பொருளால் மூடினால் பேச்சுக்கு ஏற்றதாகிவிடும். 50 மில்லிமீட்டர் ராக்வூல் பலகை, சுவரிலிருந்து 5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, மேலே பருத்தித் துணி. முட்டை அட்டை ஒட்டுவது வீண் வேலை. கோரைப்பாயும் அப்படித்தான். காசில்லையென்றால் இலவம்பஞ்சு மெத்தையை நிறுத்தி வைப்பது அவற்றைவிட எவ்வளவோ மேல். மைக் டைனமிக் வகையாக இருக்கட்டும், வாயிலிருந்து நாலு விரற்கடை தூரத்தில். பதிவின்போது விசிறியை நிறுத்துங்கள், புழுங்கினாலும் சரி.

டிரான்ஸ்மிட்டரின் அமைப்புகளில் இரண்டைத் தவறாமல் பார்க்க வேண்டும். ஒன்று, ஸ்டீரியோவை அணைத்து மோனோவில் ஓட்டுவது. ஸ்டீரியோவில் ஓட்டினால் ஏற்பியில் இரைச்சல் 20 டெசிபெல் வரை கூடும். எல்லைக் கிராமத்தில் இரைச்சலோடு விட்டுவிட்டு வரும் நிலையம் மோனோவில் தெளிவாகக் கேட்கும். கேட்பவர்களில் பெரும்பாலோரிடம் இருப்பது ஒற்றை ஸ்பீக்கர். இரண்டு, பிரீஎம்ஃபசிஸ், அதாவது ஒலிபரப்பும்போது கீச்சொலிகளைத் தூக்கிக் கொடுக்கும் அமைப்பு. நம் நாட்டுக்கு 50 மைக்ரோ நொடி, சில பெட்டிகள் அமெரிக்காவுக்கான 75இல் அமைத்தே வரும். அப்படியே விட்டால் ச, ஸ ஒலிகள் எல்லாம் காதைக் கீறும், அறிவிப்பாளரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஒலி உச்சத்தில் அலை தன் எண்ணிலிருந்து 75 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் விலகாமல் அடக்க ஒரு லிமிட்டர் அவசியம், தாண்டினால் உங்கள் குரலும் உடையும், பக்கத்து எண்ணும் கெடும்.

செட்டிநாட்டு வீட்டுக்குள் கேட்பதற்கும் ஒரு பக்குவம் இருக்கிறது. கனத்த சுவர்களும் சில வீடுகளில் கூரையின் தகர வேலைப்பாடும் இரும்பு உத்தரமும் அலையைத் தடுக்கும். வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் கேட்காத நிலையம் வளவில், வானம் தெரியும் முற்றத்தில், பளிச்சென்று கேட்கும். பெட்டியை வளவுத் தூணில் மாட்டச் சொல்லுங்கள். கைபேசியில் இயர்போன் ஒயர்தான் ஆன்டெனா, அதைச் சுருட்டி வைத்தால் வராது. தானாகத் தேடும் வசதி வலுக்குறைந்த நிலையத்தைத் தாண்டிப் போய்விடும். "எங்களுக்கு வரலை" என்று சொல்பவர்களில் பலருக்கு 90.4 என்று கையால் தட்டினால் வந்துவிடும். அறிவிப்பில் எண்ணைச் சொல்வதோடு நிறுத்தாமல் அதை எப்படித் தட்டுவது என்றும் வாரம் ஒரு முறை சொல்லுங்கள். புதிய கைபேசிகள் பலவற்றில் பண்பலையே இல்லாமல் போனதைப் பார்த்து அதைத் திறந்து வைக்கும்படி 2023இல் மத்திய அரசு நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. இருந்தாலும் பொத்தான் கைபேசிதான் இன்றும் நம் உண்மையான பெட்டி.

கோடை பண்பலையோடு பாட்டில் போட்டி போட முடியாது, போடவும் வேண்டாம். முள்ளை இடது மூலைக்கு நகர்த்த வைப்பது அங்கே கிடைக்காத ஒன்றுதான். நிகழ்ச்சிகளில் பாதியாவது ஊர் மக்கள் பங்கேற்பில் உருவாக வேண்டும் என்பது விதி. செய்தி என்று வந்தால் அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே அஞ்சல் செய்ய மட்டும் அனுமதி. ஆனால் நாளை எந்தத் தெருவுக்கு மின்தடை, தண்ணீர் எப்போது திறப்பார்கள், பரீட்சை முடிவு, வேலை வாய்ப்பு, வானிலை, கோயில் திருவிழா, நிர்வாகம் தரும் சுகாதார அறிவிப்பு, இவையெல்லாம் செய்தியாகக் கணக்கில் வராது. ஒரு ஊருக்குத் தினமும் வேண்டியதில் முக்கால்வாசி இதற்குள் வந்துவிடுகிறது. கை வேலையாகவும் காது சும்மாவும் இருப்பவர்கள் இங்கே நிறையப் பேர்: ஆத்தங்குடியில் கல் போடுகிறவர்கள், கொட்டான் முடைகிறவர்கள், பலகாரக் கூடத்தில் முறுக்குச் சுற்றுகிறவர்கள். காலை பத்திலிருந்து பன்னிரண்டு அவர்களுடைய நேரம், அதைப் பதிவு செய்த பாட்டால் நிரப்புவது பாவம். தாலாட்டும் கும்மியும் பாடத் தெரிந்த ஆச்சிகளை நிலையத்துக்கு வரச் சொல்லாமல், ரிகார்டரை அவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போங்கள். வளவை விட்டு உள்ளறைக்குப் போய், அரிசி மூட்டையும் படுக்கையும் இருக்கும் அறையில் பதிவு செய்தால் எதிரொலி இல்லாமல் வரும்.

ஒலிபரப்பிய எல்லாவற்றையும் மூன்று மாதம் சேமித்து வைப்பது கட்டாயம். 128 கிலோபிட் எம்பி3 ஆக, நாளுக்கு 12 மணி நேரம் என்றால் 90 நாளுக்கு 62 ஜிபி. ஒரு சின்ன ஹார்ட் டிஸ்க் போதும், ஆனால் இரண்டு வையுங்கள்.

ஆண்டுக்கு இரண்டு முறை எல்லையை அளக்க வேண்டும், சித்திரையில் ஒன்று, மழை முடிந்து தை மாதம் ஒன்று. ஒரே பொத்தான் கைபேசி, ஒரே இயர்போன், ஒரே வண்டி. எட்டுத் திசையிலும் போய், ஒவ்வொரு கிலோமீட்டரிலும் வண்டியை அணைத்துவிட்டு நின்று கேட்டு, தெளிவு, இரைச்சல், இல்லை என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். இஞ்சின் ஓடினால் அதன் பொறியே இரைச்சலாகக் கேட்கும். தை மாத வரைபடம் எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்கியிருந்தால் கேபிளுக்குள் தண்ணீர் போயிருக்கிறது. ஒரு திசையில் மட்டும் சுருங்கியிருந்தால் காற்றில் டைபோல் கிளாம்பில் திரும்பியிருக்கும், டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டு ஆளை ஏற்றுங்கள்.